பாப்பா பேர் என்னங்க?

தருமபுரி பேருந்து நிலையம். பென்னாகரம் பஸ்ஸில் ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. கூட இருப்பவர் அதன் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரருக்கு மனசு உறுத்துகிறது. கேட்கலாமா, நமக்கேன் வம்பு என்று இருந்துவிடலாமா?

அவசரமும் ஆபத்துதான். 2018 மே மாதம், குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது மூதாட்டி, போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இலவச எண், 24 மணி நேரமும் உண்டு. 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பந்தல் போட்டாலும் இதே எண்தான். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நீதிமன்றம் முன்கூட்டியே தடை விதிக்கலாம். மீறி நடந்தால் அந்தத் திருமணம் செல்லாது.

பக்கத்து சீட்டுக்காரர் முதலில் தண்ணீர் பாட்டிலை நீட்டட்டும். "பாப்பா பேர் என்னங்க?" என்று கேட்கட்டும். பதில் தடுமாறினால், போன் கையில்தானே இருக்கிறது.