தண்ணீரில் கிடந்தவர்கள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வணிகக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் என்பதால் கடல் கதை ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். எம்டனை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. 1914-ல் சென்னை மேல் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். நான் சொல்லப்போவது இரண்டாவது உலகப் போரில் நீருக்கடியில் திரிந்த ஒன்றைப் பற்றி. பெயர்கூடக் கிடையாது, நம்பர்தான்: யு-156.

1941 செப்டம்பரில் சேவைக்கு வந்த நீர்மூழ்கி. கேப்டன் வெர்னர் ஹார்ட்டென்ஷ்டைன். எதிரியின் சரக்குக் கப்பல்களை மூழ்கடிப்பதுதான் வேலை. ஒன்றரை வருஷத்தில் 20 கப்பல்களை மூழ்கடித்தார். 1942 பிப்ரவரியில் அரூபா தீவின் எண்ணெய் ஆலையைச் சுடப் போனபோது, பீரங்கி வாயில் தண்ணீர் புகாமல் வைத்திருந்த மூடியை எடுக்க மறந்துவிட்டார்கள். குழாய் வெடித்து ஒருவர் இறந்தார், ஓர் அதிகாரிக்குக் கால் போயிற்று. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வெடித்த முனையை ரம்பத்தால் அறுத்துப் போடச் சொல்லிவிட்டு, குட்டைப் பீரங்கியோடு மறுபடி வேட்டைக்குக் கிளம்பினார். ஆகவே அவரைப் புண்ணியவான் என்று நான் சொல்ல வரவில்லை.

1942 செப்டம்பர் 12 இரவு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் லகோனியா என்ற பெரிய பிரிட்டிஷ் கப்பலை டார்பீடோவால் அடித்தார். பீரங்கி பொருத்திய துருப்புக் கப்பல். போர் முறைப்படி அடிக்கலாம். கிட்டே போனபோதுதான் இருட்டில் இத்தாலிய மொழியில் கூக்குரல் கேட்டது. கப்பலில் இருந்த சுமார் 2,700 பேரில் ஏறக்குறைய 1,800 பேர் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள், அதாவது ஜெர்மனியின் கூட்டாளிகள். பெண்களும் குழந்தைகளும்கூட இருந்தார்கள்.

ஹார்ட்டென்ஷ்டைன் தூக்க ஆரம்பித்தார். இத்தாலியர், பிரிட்டிஷார், போலந்துக்காரர் என்று பார்க்கவில்லை. மறுநாள் விடியற்காலை அவர் செய்த காரியத்தைத்தான், ரேடியோக்காரன் என்பதால், நான் திரும்பத் திரும்ப நினைப்பேன். நீர்மூழ்கிக்கு உயிரே ஒளிந்திருப்பதில் இருக்கிறது. அவரோ சங்கேதம் எதுவுமில்லாமல், பச்சை ஆங்கிலத்தில், தான் இருக்கும் இடத்தையே ஒலிபரப்பினார். என்னைத் தாக்காதவரை, உதவிக்கு வரும் எந்தக் கப்பலையும் நான் தாக்க மாட்டேன் என்றார். ஃப்ரீடவுனில் இருந்த பிரிட்டிஷார் இது ஏதோ பொறி என்று சந்தேகப்பட்டார்கள். போர்க்காலத்தில் சந்தேகப்படாமல் யார்தான் இருப்பார்கள்?

எங்கள் காலத்துக் கப்பல்களில் ரேடியோ அறைக் கடிகாரத்தில், மணிக்கு இரண்டு தடவை மூன்று மூன்று நிமிஷம் சிவப்பு அடித்திருக்கும். அப்போது யாரும் எதுவும் அனுப்பக் கூடாது. மெல்லிசாக வரும் அபாயக் குரலுக்குக் காது கொடுக்க வேண்டும். 1980 வாக்கில் தென் சீனக் கடலில், வியட்நாம் அகதிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஒரு படகைத் தாண்டிப் போனோம். துணியை ஆட்டினார்கள். எங்கள் கேப்டன் வேகத்தைக் குறைக்கவில்லை. ரேடியோ என் கையில் இருந்தது. நானும் ஒரு வார்த்தை அனுப்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். நண்பர்களே, இதை இன்றுதான் வெளியில் சொல்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். வேறு இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகளும் ஓர் இத்தாலிய நீர்மூழ்கியும் வந்து சேர்ந்தன. பிரெஞ்சுக் கப்பல்களும் கிளம்பின. செப்டம்பர் 16 அன்று நான்கு படகுகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, பீரங்கிமேல் செஞ்சிலுவைக் கொடி விரித்துப் போய்க்கொண்டிருந்த யு-156-ஐ, அஸென்ஷன் தீவிலிருந்து வந்த அமெரிக்க விமானம் பார்த்தது. மேல்தளத்திலிருந்த பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவரே விளக்கால் செய்தி சொன்னார். பதில் இல்லை. விமானி தளத்தைக் கேட்டார். மூழ்கடி என்று உத்தரவு வந்தது. ஒரு குண்டு படகுகளுக்கு நடுவில் விழுந்தது. ஹார்ட்டென்ஷ்டைன் கயிற்றை வெட்டி, ஏற்றியவர்களைத் தண்ணீரில் இறங்கச் சொல்லிவிட்டு மூழ்கினார். பிரெஞ்சுக்காரர்கள் வந்து பலரைக் காப்பாற்றினார்கள். கடைசியில் பிழைத்தவர் சுமார் 1,100 பேர். எவர் கண்ணிலும் படாமல் போன ஒரு படகு 27 நாள் மிதந்து ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தது. 68 பேர் ஏறிய படகில் 16 பேர் மிச்சம்.

செப்டம்பர் 17 அன்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் உத்தரவு போட்டார்: இனி, மூழ்கிய கப்பலின் ஆட்களைக் காப்பாற்றும் முயற்சி எதுவும் கூடாது. நியூரம்பர்க் விசாரணையில் இந்த உத்தரவை அவருக்கு எதிராக நீட்டினார்கள். தப்பியவர்களைக் கொல்லச் சொன்னார் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் தெளிவில்லாத உத்தரவுக்காக நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. பசிபிக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் எச்சரிக்காமலே தாக்கின என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸே எழுதிக் கொடுத்திருந்தார். மற்றக் குற்றங்களுக்காக டோனிட்ஸுக்குப் பத்து வருஷம் கிடைத்தது.

ஹார்ட்டென்ஷ்டைன் அந்த விசாரணையைப் பார்க்கவில்லை. 1943 மார்ச் 8 அன்று பார்படாஸ் தீவுக்குக் கிழக்கே ஓர் அமெரிக்கக் கேட்டலீனா விமானம் யு-156-ஐ மூழ்கடித்தது. சிலர் தண்ணீரில் மிதப்பதைக் கண்ட அந்த விமானக்காரர்களே ஒரு ரப்பர் படகையும் உணவையும் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். தேடி ஒரு போர்க்கப்பலும் வந்தது. 53 பேரில் ஒருவர்கூட அகப்படவில்லை.