கடைசிப் பாட்டு வரைக்கும்

இந்த எபிசோடு நான் சொன்ன ஒரு சின்னப் பொய்யில் இருந்து ஆரம்பிக்குது.

ஆபீஸில் என் பக்கத்து சீட் நண்பன் ஒருநாள் ஒரு ஆல்பம் லிங்க் அனுப்பினான். பிஜி.லாஸ்ட் என்கிற ஸ்வீடன் பேண்டின் 'ஆசிலேட்', 2020-ல் வந்தது. ரெண்டு நாள் கழிச்சு, "கடைசிப் பாட்டு எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டான். "செம மச்சி" என்றேன்.

உண்மையில் நான் கேட்கவே இல்லை. ஹெட்போனில் ஓடுச்சு, அவ்வளவுதான். கோடு எழுதும்போது சுத்தி இருக்கிறவங்க பேச்சு காதில் விழக் கூடாது. அதுக்கு ஒரு சத்தம் வேணும். வரிகள் இல்லாத பாட்டு வசதியா இருந்துச்சு.

இவங்க யாருன்னு சொல்லிடறேன். ஸ்டாக்ஹோமுக்குத் தென்மேற்கே நோர்ஷோப்பிங் என்று ஒரு ஊர். ஆற்றங்கரை முழுக்க ஒரு காலத்தில் துணி மில்கள். மில்கள் மூடிய பிறகு அந்தக் கட்டடங்களில் இப்போ மியூசியம், பல்கலைக்கழக வளாகம் எல்லாம் இருக்கு. அந்த ஊரில் 2004-ல் நாலு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச பேண்டுதான் இது. ரெண்டு கிட்டார், ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ். பாஸ் வாசிக்கும் கிறிஸ்டியன் கார்ல்சன், கல்ட் ஆஃப் லூனா என்கிற இன்னொரு ஸ்வீடன் பேண்டில் கீபோர்டும் வாசிக்கிறார்.

இந்த இசைக்குப் பேர் போஸ்ட்-ராக். 1994-ல் சைமன் ரெனால்ட்ஸ் என்ற விமர்சகர் பரவலாக்கிய சொல். கருவி எல்லாம் ராக் கருவிதான், ஆனால் வேலை வேற. பாடகரை நம்பிப் பாட்டு நகராது. இவங்க பாட்டுகளில் எப்போதாவது குரல் வந்தாலும், அதுவும் இன்னொரு கருவி மாதிரி பின்னாடியே நிற்கும். கிட்டாரில் ஒரு சின்ன மெட்டு மெதுவாகத் தொடங்கும். டிலே பெடல் அந்தச் சுரத்தைப் பிடிச்சு வச்சுத் திரும்பத் திரும்ப விடும். அதுமேல பாஸ், டிரம்ஸ் ஏறும். நாம கவனிக்காமலே அது பெரிய மலையாகிடும்.

இப்போ ஒரு முரண். பாட்டு ஆப்களில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு 'கேட்கப்பட்டதா' கணக்கு. அந்தக் கணக்கை நமக்கெல்லாம் பழக்கிய ஸ்பாட்டிஃபை பிறந்ததும் இதே ஸ்வீடனில்தான். பிஜி.லாஸ்ட் பாட்டில் 30 விநாடிக்குள்ள பல நேரம் எதுவுமே நடந்திருக்காது!

சரி, கதைக்கு வரேன். போன வருஷம் எங்க டீமில் ஆட்குறைப்பு. என் நண்பன் வேலையும் போச்சு. பை பை மெசேஜ் போட்டுட்டுப் போயிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கரண்ட் போச்சு, வைஃபையும் போச்சு. போனில் டவுன்லோடு ஆகி இருந்தது அந்த ஒரே ஆல்பம்தான். இருட்டில் படுத்துக்கிட்டு முதல்ல இருந்து போட்டேன்.

'ஈ22' என்று ஒரு பாட்டு. நோர்ஷோப்பிங்கில் இருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலைக்கும் அதே பேர்தான். யாரோ ராத்திரி தனியா வண்டி ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி எனக்குத் தோணுச்சு. கடைசிப் பாட்டு முடிஞ்சப்போ ஒண்ணு புரிஞ்சுது. உச்சத்தில் வர்ற அந்தப் பெரிய சத்தம் தனியா கேட்டா வெறும் இரைச்சல். அதுக்கு முன்னாடி வந்த அமைதியைப் பொறுமையா கேட்டிருந்தால்தான் அது நெஞ்சில் இறங்கும். நான் இத்தனை நாளா அந்த அமைதியைத்தான் தவற விட்டிருந்தேன். பாட்டில் மட்டும் இல்ல, பக்கத்து சீட்டிலும்.

மறுநாள் அவனுக்குப் போன் பண்ணேன். "டேய், அன்னிக்கு அந்த ஆல்பத்தை நான் கேட்கவே இல்ல, சும்மா சொன்னேன்."

"தெரியும்டா" என்றான். "கேட்டிருந்தா ஒரே வார்த்தையில் முடிச்சிருக்க மாட்ட."

அன்னிக்கு ஒரு மணி நேரம் பேசினோம்.

புதுசா கேட்கிறவங்களுக்கு: 2009-ல் வந்த 'இன் நெவர் அவுட்' கிட்டார் பிரியர்களுக்கு. 2016-ல் வந்த 'வெர்சஸ்'ஸில் சிந்தசைசர் முன்னாடி வருது. அப்புறம் 'ஆசிலேட்'. ஒரு ஆல்பம் போதும். ஆனா வேற வேலை எதுவும் செய்யாம, கடைசிப் பாட்டு வரைக்கும் கேளுங்க. கேட்டுட்டு, அதை உங்களுக்கு அனுப்பினவங்ககிட்ட ரெண்டு வார்த்தை கூடுதலா பேசுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.