சுழல்விளக்கின் நிறம்

மலேசியாவில் அவசர வாகனத்தின் கூரையில் சுழலும் விளக்கின் நிறம், அந்த வண்டியின் பணியைச் சொல்லும். போலீஸ் வண்டிக்கு நீலம். தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் பெரும்பாலும் சிவப்பு. இழுவை வண்டி, சாலைப் பராமரிப்பு வண்டி ஆகியவற்றின் மஞ்சள் விளக்கு எச்சரிக்கை மட்டுமே. அதைக் கொண்டு வழி கேட்க முடியாது.

இருட்டில் கண்ணுக்கு நீல ஒளி எளிதில் புலப்படும். பகல் வெளிச்சத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியும். ஒளி விட்டு விட்டு மின்னினால் ஓரக்கண்ணிலும் படும். வண்டியின் முகப்பில் எழுத்துகள் இடவலம் மாறி இருப்பது, முன்னே செல்பவர் பின்பார்வைக் கண்ணாடியில் நேராகப் படிப்பதற்காக.

விளக்கும் சைரனும் இயங்க அவசரப் பணியில் விரையும் வண்டி, கவனத்தோடு சிவப்பு சமிக்ஞையைக் கடக்கலாம். மற்ற ஓட்டுநர்கள் வேகம் குறைத்து இடப்புறம் ஒதுங்க வேண்டும். ஈப்போவின் அகலமான சாலைகளில் இது எளிது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பாதைகள் குறுகலானவை. அங்கே அகலமான இடம் பார்த்து, புல் ஓரத்தில் வண்டியை நிறுத்தி வழிவிடுவதே முறை. நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தை எப்போதும் காலியாக விட வேண்டும்.

அனுமதியின்றித் தனியார் காரில் இத்தகைய விளக்கைப் பொருத்துவது குற்றம். சாலைப் போக்குவரத்து இலாகா 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கும்.