காரணத்தைக் கேளுங்கள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



 

நமது கிருஷ்ணன்கோவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளிமாநிலப் பிள்ளைகளும் இங்கு வந்து பயில்கின்றனர். ஆனால் குடும்பச் சுமையின் காரணமாக, பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே கடைக்கும் ஆலைக்கும் போகும் நிலை நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. இதைத் தடுக்க உதவும் ஒரு வாசலைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் திட்டம் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர் இத்தேர்வை எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வு பெறுவோருக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம், நான்காண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். தமிழகத்திற்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

தேர்வில் இரண்டு பகுதிகள். ஒன்று பாடங்களிலிருந்து வருவது. அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். மற்றொன்று மனத்திறன் தேர்வு. 90 நிமிடங்களில் 90 வினாக்கள். எந்தப் பாடநூலிலும் இவற்றின் விடை அப்படியே இராது. "நாங்களே படிக்காதவர்கள், இதை எப்படிச் சொல்லிக்கொடுப்போம்?" என்று பெற்றோர் தயங்குவது இங்கேதான். இதற்குப் பட்டம் தேவையில்லை. பிள்ளை விடை சொன்னவுடன், "ஏன்?" என்று கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

மதரஸாவில் ஓதும்போது கியாஸ் என்னும் பாடம் உண்டு. மது தடுக்கப்பட்டது, பின்னாளில் வேறு பெயர்களில் வந்த போதைப் பொருட்களின் நிலை என்ன? தடைக்கான காரணம் போதை என்று கண்டு, அக்காரணம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதே சட்டத்தை அறிஞர்கள் பொருத்தினார்கள். அந்தக் காரணத்திற்கு 'இல்லத்' என்று பெயர். மனத்திறன் தேர்வின் ஒப்புமை வினாக்களிலும் இதே முறை உதவும். நெசவாளருக்குத் தறி என்றால் உழவருக்கு எது? ஏர், வயல், நெல், மழை என நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். நான்குமே உழவரோடு தொடர்புடையவைதாம். தறி என்பது நெசவாளரின் தொழிற்கருவி என்ற காரணத்தைப் பிடித்த பிள்ளை மட்டுமே தடுமாறாமல் ஏரைத் தொடும்.

இன்னொரு வகை, பொருந்தாததைக் கண்டுபிடிப்பது. பால்கோவா, அல்வா, கடலைமிட்டாய், முறுக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை, "பால்கோவா, அது மட்டுமே மாட்டுப்பாலில் செய்வது" என்று சொல்லக்கூடும். "தவறு" என்று அதட்டாதீர்கள். அப்பிள்ளை சிந்தித்துத்தான் சொல்லியிருக்கிறது. "பால்கோவாவை எடுத்துவிட்டால் மற்ற மூன்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு எது?" என்று கேளுங்கள். மாட்டுப்பால் இல்லை என்பது தவிர வேறு உறவு அம்மூன்றுக்கும் எளிதில் கிட்டாது. முறுக்கை எடுத்துவிட்டால், மூன்றும் இனிப்பு. எந்தக் கயிறு வலுவானது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். அதட்டப்பட்ட பிள்ளையோ, மறுமுறை காரணம் சொல்லாது. உங்கள் முகத்தைப் பார்த்து விடையை ஊகிக்கும். தேர்வுக் கூடத்தில் பார்ப்பதற்கு உங்கள் முகம் இராது.

திசை வினாக்களுக்கு நம் பிள்ளைகளிடம் ஓர் அடையாளம் எப்போதும் உண்டு. நம் ஊரில் கிப்லா ஏறத்தாழ மேற்கு. ஸஃப்பில் நின்றால் வலக்கைப் பக்கம் வடக்கு, இடக்கைப் பக்கம் தெற்கு, முதுகுப்புறம் கிழக்கு. "மேற்கு நோக்கி நிற்பவன் வலப்புறம் திரும்பி நடந்து, மீண்டும் வலப்புறம் திரும்பினால் எத்திசையை நோக்குவான்?" என்று கேட்டு, பிள்ளையை எழுந்து நின்று திரும்பச் சொல்லுங்கள். கிழக்கு என்பதை அதன் கால்களே சொல்லிவிடும். பழகிய பின் தாளில் கோடு போட்டால் போதும்.

இஷாவுக்குப் பின் பதினைந்து நிமிடம், நாளொன்றுக்கு ஐந்து வினா. தொடக்கத்தில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். காரணம் சொல்லப் பழகட்டும். தேர்வு நெருங்கும்போது நிமிடத்திற்கு ஒரு வினா என்ற வேகத்தைப் பழக்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆதலால் எந்த வினாவையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் கடைசி நாள்வரை தள்ளாமல் முன்னதாகவே வாங்கி வைத்து, பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள். ஆண் பிள்ளைக்குச் செய்வதைப் பெண் பிள்ளைக்கும் குறைவின்றிச் செய்யுங்கள்.

எழுதும் அனைவருக்கும் உதவித்தொகை கிடைத்துவிடாது. கிடைக்காத பிள்ளையைக் கடிந்துகொள்வது அநீதி. "ஏன்?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நாளை எவர் எதைச் சொன்னாலும் காரணம் கேட்காமல் பின்செல்லாது. அந்தப் பலன் எந்தப் பட்டியலிலும் வராவிட்டாலும் பிள்ளையை விட்டு நீங்காது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்களை வளர்க்கும் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.