புழுக்கத்தில் ஓடிய ஓட்டம்



கடந்த சனவரி மாதம் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் சென்னையில் முழு மாரத்தான் ஓடினார். 42 கிலோமீட்டர் 195 மீட்டர். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பிள்ளை. ஆறு மாதம் விடிவதற்கு முன் எழுந்து பயிற்சி எடுத்தார். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கனவு. குளியலறைக் கண்ணாடியில் 3:59 என்று ஒரு தாளில் எழுதியே ஒட்டி வைத்திருந்தாராம். முடித்தது 5 மணி 26 நிமிடத்தில். கடைசிப் பத்து கிலோமீட்டரில் பெரும்பகுதி நடைதான். கழுத்தில் போட்ட பதக்கத்தைப் பையிலேயே திணித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் திருப்பலியில் கீபோர்டு இல்லை. அவருடைய அம்மாதான் என்னைத் தேடி வந்தார். "சாமி, காலு போச்சா, கையி போச்சா? ஓடத்தானே போனான்? சாவு வீடு மாதிரி ரூமுக்குள்ளயே உக்காந்திருக்கான்" என்றார். அந்தத் தாய் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் துக்கத்துக்குத் தராசு கிடையாது, பாருங்கள். ஆறு மாதம் ஒன்றைச் சுமந்தவருக்கு அதன் எடை தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் அவரே வந்தார். இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒப்புரவு அருளடையாளத்தில் சொன்னதல்ல. அலுவலக அறையில் தேநீர் குடித்துக்கொண்டே பேசியது.

"மார்கழி மாதம்தானே தம்பி, அங்கே குளிராதா?" என்று கேட்டேன். நான் குருமடத்தில் கால்பந்து ஆடியதோடு சரி. அதற்குப் பிறகு பேருந்துக்குத்தான் ஓடியிருக்கிறேன். எனவே அவர் எனக்குப் பாடம் எடுத்தார். நாம் ஓடும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் பெரும்பகுதி, ஏறக்குறைய முக்கால் பங்கு, வெறும் சூடாகவே மாறுகிறதாம். அந்தச் சூட்டை வெளியேற்ற வேர்வை வருகிறது. ஆனால் வேர்வை வந்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் உடம்பு குளிர்கிறது. கடற்கரை ஊரில் காற்றே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும்போது வேர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சட்டை நனையும், உடம்பு குளிராது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கால் தசைகளுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் அதே வேகத்துக்கு இரட்டைப் பாடு படும். விடியலுக்கு முன் புறப்பட்டாலும் வெயில் ஏறிய பிறகுதான் கடினமான பகுதி வருகிறது.

"இதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன் ஃபாதர். புழுக்கம்னு சொன்னா சாக்கு சொல்றேன்னு சிரிக்கிறாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் சோம்பேறித்தனமா நடந்துட்டேனோ? இன்னும் கொஞ்சம் உறுதி இருந்திருந்தா ஓடியிருப்பேனோ?"

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. ஓட்டத்தைப் பற்றி அல்ல, வேறு பலவற்றைப் பற்றி, பல ஆண்டுகளாக ஆட்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "அப்பாவை இன்னும் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கணுமோ சாமி?" "நான் ஒழுங்காச் செபிச்சிருந்தா பிள்ளை பரீட்சையில பாஸ் ஆகியிருப்பானோ?" குருமடத்தில் ஒழுக்க இறையியல் நடத்திய பேராசிரியர் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான்: ஒரு செயல் பாவமாக வேண்டுமானால், அது தவறு என்று தெரிந்திருக்க வேண்டும், மனமுவந்து செய்திருக்க வேண்டும். உடம்பின் எல்லை பாவமல்ல. ஆனால் மனச்சான்றை ஆராயும்போது பலர் தங்கள் எல்லையையும் குற்றப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் நேர்மாறாக, உண்மையான குற்றத்தை எல்லையின் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். இரண்டையும் பிரித்து வைப்பதுதான் வேலை.

எனவே நான் கேட்டேன்: "முதல் பத்து கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடினீர்கள்?"

அவர் சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பாக இருந்திருக்கும். "55 நிமிஷம் ஃபாதர். பிளான் பண்ணினதைவிட வேகம். இருட்டா இருந்துச்சு, சுத்தி எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடிட்டேன்."

அவ்வளவுதான் குற்றம். புழுக்கம் அவருடைய கையில் இல்லை. புழுக்கத்தைத் தெரிந்துகொண்டே பழைய கணக்கை மாற்றாமல் ஓடியது அவருடைய கையில் இருந்தது. முதல் பத்தில் காட்டிய வீம்புக்கு முப்பதாவது கிலோமீட்டரில் வட்டி கட்டியிருக்கிறார். ஆனால் அந்த முப்பதாவது கிலோமீட்டரில், தலை சுற்றத் தொடங்கியதும் நடக்க ஆரம்பித்தாரே, அது கோழைத்தனமே அல்ல. அன்றைக்கு அவர் செய்த காரியங்களிலேயே அறிவான காரியம் அதுதான்.

அதன் பிறகு அவருக்கு ஒரு கதை சொன்னேன். நடந்த கதை. உங்களுக்கும் சொல்கிறேன்.

1912-ஆம் ஆண்டு, சூலை 14. சுவீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான். குளிர்நாடு என்று பெயர்தான். அன்று வெப்பம் 30 டிகிரிக்கு மேல். போட்டி தொடங்கியதோ மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்னால். 68 பேர் புறப்பட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். போர்ச்சுக்கல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசாரோ 30 கிலோமீட்டர் அளவில் விழுந்தார். வெயில் சுடாமலிருக்க உடம்பில் மெழுகு பூசியிருந்தார் என்றும், அதுவே வேர்வையை அடைத்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். மறுநாள் இறந்துபோனார். நடக்க வெட்கப்படுகிறவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஓட்டத்தில் சப்பான் நாட்டிலிருந்து ஷிசோ கனகுரி என்ற இளைஞரும் ஓடினார். சப்பான் முதன்முதலாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் அது. இரண்டே இரண்டு வீரர்கள். கூடப் படித்த மாணவர்கள் பணம் திரட்டி அவரை அனுப்பியிருந்தார்கள். கப்பலிலும் சைபீரிய இரயிலிலுமாக இரண்டு வாரங்களுக்கும் மேலான பயணம். காலில் சப்பானியத் துணிக் காலணி. இவ்வளவையும் சுமந்துகொண்டு ஓடியவர் பாதி வழி தாண்டியதும் சூட்டில் சுருண்டுவிட்டார். வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் அவரை உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்துக் கவனித்தார்கள். அதன் பிறகு அவர் திடலுக்குப் போகவில்லை. விழா அதிகாரிகளிடமும் சொல்லவில்லை. வெட்கம். அப்படியே நாடு திரும்பிவிட்டார். சுவீடன்காரர்கள் பல ஆண்டுகள் அவரைக் 'காணாமற்போன ஓட்டக்காரர்' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குப் போனவர் ஓடுவதை நிறுத்தவில்லை. 1916-இல் பெர்லினில் ஓடலாம் என்று உழைத்தார். உலகப்போர் வந்து அந்த ஒலிம்பிக்கே நடக்கவில்லை. 1920-இல் ஆன்ட்வெர்ப் நகரில் 16-ஆவது இடம். 1924-இல் பாரிசில் மறுபடியும் முடிக்க முடியாமல் விலகினார். பதக்கம் என்று ஒன்று கடைசிவரை கிடைக்கவேயில்லை. ஆனால் 1920-இல் தோக்கியோவுக்கும் ஹக்கோனே மலைக்கும் இடையே மாணவர்களுக்காக ஒரு தொடர் ஓட்டம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். ஒருவர் ஓடிக் களைத்ததும் தோளில் போட்டிருக்கும் துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுப்பார். நூறு ஆண்டு தாண்டி இன்றும் ஒவ்வொரு புத்தாண்டிலும் நடக்கிறது. தனியாக ஓடித் தனியாக விழுந்தவருக்கு, சேர்ந்து ஓடுகிற ஓட்டம் ஒன்று வேண்டும் என்று தோன்றியதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

1967-இல் சுவீடன்காரர்கள் அவரைத் திரும்ப அழைத்தார்கள். 75 வயது. ஸ்டாக்ஹோம் திடலில் எல்லைக் கோடுவரை ஓடவிட்டு, நேரத்தையும் அறிவித்தார்கள்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி. நீண்ட பயணமாகிவிட்டது, இடையில் கலியாணமாகி ஆறு பிள்ளைகளும் பத்துப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள் என்ற பொருளில் அவர் வேடிக்கையாகச் சொன்னாராம்.

இதைக் கேட்டு நம் தம்பி, "அவரு அம்பது வருஷம் காத்திருந்தாரா ஃபாதர்?" என்றார். "நீங்கள் மூன்று வாரத்திலேயே வந்துவிட்டீர்களே" என்றேன்.

விவிலியத்திலும் ஓர் ஓட்டக்காரர் உண்டு. எலியா இறைவாக்கினர். கர்மேல் மலையிலிருந்து அரசன் ஆகாபின் தேருக்கு முன்னால் இஸ்ரியேல்வரை ஓடியவர். ஓடிய கையோடு ஈசபேலின் மிரட்டல் வருகிறது. பாலைநிலத்தில் ஒரு நாள் நடந்து, சூரைச்செடி ஒன்றின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற அளவுக்குப் போய்விடுகிறார். கடவுளின் தூதர் வந்து என்ன செய்தார்? மறையுரை ஆற்றவில்லை. நம்பிக்கை எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தூங்கவிட்டார். எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அதற்குப் பிறகு, ஓரேபு மலையில்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் என் தொழிலைப் பற்றியே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். நாங்கள் அப்பத்துக்கு முன்னால் அறிவுரையை நீட்டிவிடுகிறோம்.

வீட்டில் யாராவது இப்படித் தோற்றுத் திரும்பினால் முதல் இரண்டு நாள் ஒன்றும் சொல்லாதீர்கள். "சாதா ஓட்டம்தானே" என்றும் சொல்லாதீர்கள், "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றும் சொல்லாதீர்கள். உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர், நல்ல தூக்கம். ஓட்டத்தில் போனது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வெயிலில் ஓடுகிறவர் பேச்சுக் குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ அது களைப்பு அல்ல, வெப்பப் பக்கவாதம். உடனே குளிர்ந்த நீரில் நனைத்து, அந்தச் சூட்டை இறக்க வேண்டும். ஆம்புலன்சையும் கூப்பிட வேண்டும்.

அந்தத் தம்பி அடுத்த ஞாயிறு கீபோர்டில் உட்கார்ந்தார். காணிக்கைப் பாடலைக் கொஞ்சம் வேகமாகவே வாசித்தார். முதல் பத்து கிலோமீட்டர் பழக்கம் போகவில்லை போலிருக்கிறது. இப்போது மதிய வெயிலிலும் மெதுவாக ஓடிப் பழகுகிறார். இரண்டு வாரத்தில் உடம்பு சூட்டுக்கு ஓரளவு பழகிவிடுமாம். வருகிற சனவரிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

"கண்ணாடியில் ஒட்டிய தாளை எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டேன். எடுக்கவில்லையாம். 3:59 அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாராம்: புழுக்கமாக இருந்தால் 4:40.