முதல் சதுரத்திலிருந்து முழுப் போர்வை வரை

(ஆகஸ்ட் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இந்தப் பையில் 63 கம்பளிச் சதுரங்கள் இருக்கின்றன. போன வருஷம் நான் குரோஷா ஊசியில் பின்னியவை. போர்வையாக்கலாம் என்று தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்று நாலரை அங்குலம், இன்னொன்று ஐந்தரை. எந்த வரிசையும் நேராக வரவில்லை. அப்படியே பையில் போட்டு, பையைப் பரண்மேல் போட்டுவிட்டேன். நம் வீடுகளில் இப்படி எத்தனை பை பரண்மேல் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கே தப்பு செய்தேன் என்று இப்போது புரிந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்பதற்காகத்தான் பேசுகிறேன்.

கிரானி ஸ்கொயர் என்கிற இந்தச் சதுரம் கஷ்டமே இல்லை. ஒயர் கூடையில் சிவன் கண் போட்டவர்களுக்கு இது மிகச் சுலபம். நடுவில் ஒரு வளையம். அதற்குள் மூன்று மூன்று டபுள் குரோஷேவாக நாலு கொத்து. கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் இரண்டு செயின். அதுதான் மூலை. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்து, நடுவில் இரண்டு செயின். பக்கத்தில் இருக்கும் இடைவெளிகளில் ஒவ்வொரு கொத்து. அவ்வளவுதான்.

கோலத்துக்குப் புள்ளி எண்ணுகிற மாதிரி இதிலும் எண்ண வேண்டும். முதல் சுற்றில் 4 கொத்து, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12, நாலாவதில் 16. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணுங்கள். குறைந்தால் அங்கேயே பிரித்துவிடுங்கள். நாலு சுற்று தாண்டிக் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும்.

ஒரு எச்சரிக்கை. வீடியோ பார்த்துக் கற்கிறவர்கள், சொல்பவர் அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் டபுள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டனில் ட்ரெபிள் குரோஷே என்கிறார்கள். இரண்டு வீடியோவை மாற்றி மாற்றிப் பார்த்தால் சதுரம் குட்டையாகிவிடும். எனக்கு முதல் பத்து சதுரம் இப்படித்தான் போனது.

மிச்சச் சதுரங்களுக்கு என்ன ஆனது? இரண்டு கடையில் இரண்டு தடிமனில் நூல் வாங்கினேன். அதோடு, மனசு பதற்றமாக இருக்கும் நாளில் கை இறுகிவிடும், சாவகாசமாக இருக்கும் நாளில் தளர்ந்துவிடும். பின்னும்போது தெரியாது, அடுக்கும்போது தெரியும். அதனால் முதல் சதுரத்தை ஒரு அட்டையில் வைத்து அளவு வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அந்த அட்டைமேல் வைத்துப் பாருங்கள். சிறியதாக இருந்தால் சுற்றிலும் ஒரு வரி சிங்கிள் குரோஷே போட்டால் அளவுக்கு வந்துவிடும். பெரியதாக வந்தால் 4 மி.மீ. ஊசிக்குப் பதில் 3.5 எடுத்துக்கொள்ளுங்கள். அழகு கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, அளவு மாறக்கூடாது.

இதை எனக்குப் புரியவைத்தது சென்னைக்காரர்கள். சுபஸ்ரீ நடராஜன் என்பவர் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் உலகத்திலேயே பெரிய குரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை செய்தது. 11,148.5 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்! ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து பின்னி அனுப்பினார்கள். பிறகு அதைப் பிரித்து, தேவைப்படுகிறவர்களுக்குப் போர்வைகளாகக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் கைதேர்ந்தவர்களாக இருந்திருக்க முடியாது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே கெடு தேதி. என் பையில் இல்லாதது அந்த இரண்டும்தான்.

ஆகவே ஒரு யோசனை. மார்கழிக்குள் நாம் சேர்ந்து ஒரே ஒரு போர்வை முடிப்போம். நம் கேட்டில் இரவுப் பணி பார்க்கும் அண்ணனுக்கு. மார்கழி ராத்திரியில் ஓசூர்ப் பக்கம் அடிக்கிற குளிர் உங்களுக்குத் தெரியும். நாம் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம், அவர் அந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்த முடியாது.

கணக்கு இதுதான். 5 அங்குலச் சதுரம், அகலத்துக்கு 10, நீளத்துக்கு 14. மொத்தம் 140. போர்வை 50க்கு 70 அங்குலம் வரும். 20 பேர் சேர்ந்தால் ஆளுக்கு 7 சதுரம்தான். வாரத்துக்கு ஒன்று போட்டாலும் ஏழு வாரம். எனக்கு முதல் சதுரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, இப்போது அரை மணி கூட ஆவதில்லை. சமையலறைத் தராசில் ஒரு சதுரம் 10 கிராம் காட்டியது. இணைக்கவும் சேர்த்து ஒன்றரை கிலோ நூல் போதும். ஒரே கடையில், ஒரே தடிமனில் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொள்ளலாம்.

நிறத்தில் ஆசைப்படாதீர்கள். ஒரே நிறத்தில் பின்னினால் ஒரு சதுரத்துக்கு இரண்டு நூல் முனை, 140 சதுரத்துக்கு 280. சுற்றுக்கு ஒரு நிறம் என்று நாலு நிறம் போட்டால் 1,120 முனை! ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து உள்ளே மறைக்க வேண்டும். பலரும் போர்வையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். முனையை ஆறு அங்குலம் விட்டு வெட்டுங்கள், சதுரம் முடிந்த அன்றைக்கே மறைத்துவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் அது பரணுக்குத்தான் போகும்.

அண்ணனிடமே கேட்டேன். "அடர்த்தியான கலரா இருந்தா அழுக்கு தெரியாதும்மா" என்றார். சதுரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டை வழியா காத்து வருமேம்மா?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வருஷமாகப் பின்னுகிற எனக்கு அது தோன்றவே இல்லை. அதனால் பின்பக்கம் ஒரு தடித்த பருத்திப் போர்வையை உள்துணியாக வைத்துத் தைத்துவிடலாம். தையல் மிஷின் இருப்பவர்கள் கை தூக்குங்கள்.

நூல் அக்ரிலிக்காக இருக்கட்டும். துவைப்பது சுலபம், பூச்சி அரிக்காது. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, இளகித் தொய்ந்துவிடும்.

சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கிளப் ஹவுஸில் உட்காருவோம். ஊசி இல்லாதவர்களுக்கு என்னிடம் ஐந்து இருக்கிறது. ஷிப்ட் மாறுகிறவர்கள் எந்த வாரம் முடியுமோ அந்த வாரம் வாருங்கள். ஆண்களும் வரலாம், கை இருந்தால் போதும். அளவு அட்டைகளை நான் வெட்டித் தருகிறேன். செப்டம்பர் கடைசி ஞாயிறு சதுரங்கள் வந்து சேர வேண்டும், அக்டோபரில் இணைப்போம்.

என் பையில் அட்டைக்குச் சரியாக வருபவை 22. அவற்றை முதல் பங்காக இங்கே வைக்கிறேன். இன்னும் 118 வேண்டும்.

டீ எடுத்துக்கொள்ளுங்கள்.