நாளைய சோற்றுக்கும் பொறுப்பு

 

பட்டம் பெறும் பிள்ளைகளே, உணவு ஆராய்ச்சிக்காக மைசூர் போனவன் நான். ஓய்வு பெற்றும் அங்கேயே தங்கிவிட்டேன். அந்த ஊருக்குப் படிக்க வந்த ஓர் இளைஞரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சுத்தூர் மடத்தின் சிவராத்திரி ராஜேந்திர சுவாமிகள் 1916இல் பிறந்தவர். கபினி ஆற்றங்கரையிலுள்ள சுத்தூரிலிருந்து சமஸ்கிருதம் படிக்க மைசூர் வந்தார். கிராமத்துப் பிள்ளைகள் சோறும் தங்க இடமும் இல்லாமல் திண்டாடுவதைக் கண்டார். ஏழை மாணவர்களுக்கு அந்நாளில் வாரச் சாப்பாடுதான் கதி: திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை வேறொரு வீடு. ஒரு வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டால் அன்று பட்டினி. 1941இல், உலகப் போரின் நடுவே, சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இலவச விடுதி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. கையில் காசில்லாதபோது, தான் அணிந்த இஷ்டலிங்கத்தை வைத்திருந்த தங்கப் பேழையையே விற்று உலை வைத்தார் என்று மைசூரில் சொல்வார்கள்.

பிறந்தநாளுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் மறுநாள் காலையில் மறுபடி பசிக்குமே! நாளைய சோற்றுக்கும் பொறுப்பேற்றால்தான் ஒரு பிள்ளை படிக்க முடியும். சுவாமிகள் அந்தப் பொறுப்பை ஏற்றார். அவர் நிறுவிய ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் என்ற கல்வி அமைப்பு உருவானது 1954இல்தான். இன்று அதன்கீழ் முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள். மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் முன்னால் அங்கே வந்தது அடுப்பு.

அந்தப் பசி எனக்கும் தெரியும். நான் படித்த காலத்தில் மெஸ் பாக்கி வைத்தவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். என் பெயரும் இருந்தது. சாப்பிடாமல் ஆய்வுக்கூடத்தில் நின்றால் கண் இருட்டும். அறைத்தோழன் ஒன்றும் பேசாமல் தன் தட்டில் பாதியை என் பக்கம் தள்ளுவான். நான் உணவு அறிவியலுக்குப் போனதற்கு அவன்தான் காரணம்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. சத்தில்லாத சாப்பாடு அவற்றில் முக்கியமானது. அந்தப் பெண்கள் வேறெங்கோ இல்லை, உங்கள் வகுப்புகளில்தான் இருக்கிறார்கள்.

அறக்கட்டளை தொடங்க முடிந்தவர்கள் தொடங்குங்கள். மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மெஸ் பணம் கட்ட முடியாத ஜூனியர் யாரென்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். நான்கைந்து பேர் சேர்ந்து, முதல் சம்பளத்திலிருந்து தொடங்கி, அந்தப் பிள்ளை பட்டம் வாங்கும்வரை மாதாமாதம் அந்தப் பணத்தைக் கட்டிவிடுங்கள். யார் கட்டினார்கள் என்று அந்தப் பிள்ளைக்குக்கூடத் தெரிய வேண்டாம்.